இருபத்தைந்தாவது ஊசி

கெனோரா
ஜனவரி 17, 2018

அன்புள்ள கிளெண்டா அக்காவுக்கு,

இன்று காலை பத்து மணிக்கு நான் இரவு உடையோடு, முட்டி போட்டு, சோபாவுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, ஹாக்கி மட்டையின் நுனியில் கட்டிய ஃப்ரிட்ஜ் காந்தத்தால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தேன். என் பின்பக்கம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தபால்கார ரோண்டா நின்றாள். ஊர் முழுக்கப் போய் உன் காதுக்கும் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

"ஏதாச்சும் தொலைஞ்சுதா லோர்னா, இல்ல புது உடற்பயிற்சியா?" என்று கேட்டாள்.

"ஊசி" என்றேன்.

"ஒரு ஊசிக்கா இந்த அவதாரம்?" என்று சிரித்துக்கொண்டே போனாள். ரோண்டாவுக்கு என்ன தெரியும்? துணியில் தைத்துப் பிழைப்பவளுக்கு ஊசி தொலைவது, டாக்டருக்குக் கத்தி தொலைவது மாதிரி. எங்கே தொலைந்தது என்பதுதான் கேள்வி. உனக்குத்தான் தெரியுமே, முப்பது வருஷமாக மாலையில் விளக்கை அணைக்கும் முன் என் குட்டி ஊசிமெத்தையில் குத்தியிருக்கும் ஊசிகளை எண்ணாமல் நான் எழுந்ததில்லை. இருபத்தைந்து. திங்கட்கிழமை மாலை எண்ணினேன், இருபத்தைந்து. நேற்று செவ்வாய் மாலை எண்ணினேன், இருபத்துநாலு.

போகட்டும். இங்கே எல்லாரும் சுகம், என் வீட்டுக்காரர் வெய்னின் முதுகு நீங்கலாக. பையனின் பழைய அறைதான் இன்னும் என் பட்டறை. சுவரில் அவன் ஒட்டிய ஹாக்கிக்காரர்கள் பல்லில்லாமல் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் பெட்டிக்ரூ அம்மாளின் பூடில் நாயை மர வளையத்தில் இறுக்கிய துணியில் தைத்துக் கொடுத்தேன். என் வழக்கம் உனக்குத் தெரியும்: பின்னால் தடித்த ஃபெல்ட் துணி ஒட்டி மூடும் முன் இந்தத் தொழிலில் எல்லாரும் பெயரும் வருஷமும் தைப்பார்கள், நான் கூடவே ஓர் உண்மையும் தைத்துவிடுவேன். முன்பக்கம் வாங்குபவருக்கு, பின்பக்கம் எனக்கு. பூடிலுக்குப் பின்னால், "இது கடிக்கும், எசமானியும்" என்று இருக்கிறது. ஃபெல்ட்டை யார் பிரிக்கப் போகிறார்கள்?

உன் பேத்தி, கெய்ட்லினின் மகள் ஐவிக்கான வளையத்தை நேற்று மதியம்தான் பஞ்சு வைத்து மூடித் தபாலில் சேர்த்தேன். நீ நன்றி தெரிவிக்கும் நாளுக்கு வந்தபோது, "பொறக்கப் போற குழந்தைக்கு ஒரு நாய் தைச்சுக் குடேன்" என்றாயே, அது. வந்ததும் தொட்டில் பக்கம் மாட்டிவிடாதே. பசை காய வேண்டும். வேறு ஒன்றுமில்லை.

உன் காது எப்படி இருக்கிறது? மரம் அறுக்கும் மில் உன்னைச் செவிடாக்கினாலும் கண் நன்றாகத் தெரிகிறதல்லவா, அந்த மட்டில் சந்தோஷம்.

உன் தங்கை
லோர்னா


டிம்மின்ஸ்
ஜனவரி 28

அன்புள்ள லோர்னா,

நாங்கள் நலம். மைனஸ் முப்பத்தெட்டு. எட் வண்டியைக் கிளப்ப முக்கால் மணி நேரம் திட்டினார், பிறகு கிளம்பியது.

பொட்டலம் வந்தது. கெய்ட்லின் அன்றே தொட்டிலுக்கு மேலே ரிப்பன் கட்டித் தொங்கவிட்டுவிட்டாள். பசை காய்ந்துதான் இருக்கிறது. ஐவி அதைப் பார்த்துக் காலை உதைக்கிறாள்.

நாய் என்றுதான் கேட்டேன். நாம் வளர்த்த பிஸ்கட்டைக் கேட்கவில்லை. இடது காதின் வெள்ளை, மூக்கின் மேல் தழும்பு எல்லாம் அப்படியே இருக்கிறது. எத்தனையோ நாய் இருக்க இதை ஏன் தைத்தாய்? நான் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் குழந்தையைத் தூக்குகிறேன்.

ஊசி கிடைத்ததா?

கிளெண்டா


கெனோரா
பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன். எட் மாமாவின் வண்டி இதற்குள் திருந்தியிருக்கும் என்று நம்புகிறேன். வெய்னின் முதுகு திருந்தவில்லை.

ஊசி கிடைக்கவில்லை. சோபாவைப் பிரித்துவிட்டேன். அதற்குள் எழுபத்தைந்து சென்ட், ஒரு பால்பல், கோந்து மிட்டாய் ஒன்று. கம்பளத்தை வெளியே பனியில் போட்டு அடித்தேன். பூனையைக்கூடக் காந்தத்தால் தடவினேன். அது என்னை மன்னிக்கவில்லை.

பிஸ்கட்டை ஏன் தைத்தேன் என்று கேட்டிருக்கிறாய். கை தானாகப் போனது. அதை விடு.

அக்கா, ஒரு சின்ன விஷயம். அந்த வளையத்தை ஒரு காந்தத்தால் மெதுவாகத் தொட்டுப் பாரேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை. புது ரக வளையம், மரம் சுத்தமா என்று தெரிந்துகொள்ளத்தான். அப்படியே அதைக் கழற்றி எனக்குத் திருப்பி அனுப்பினாலும் நல்லது. வலது காதில் ஒரு தையல் சரியில்லை என்று மனசு அரிக்கிறது.

முந்தாநாள் கெய்ட்லினுக்கே போன் செய்தேன். சொல்லிவிடுவதென்று காபி குடித்துத் தெம்பேற்றிக்கொண்டுதான் செய்தேன்.

"சொல்லுங்க சித்தி, சீக்கிரம், கையில டயாபர்."

"அந்த வளையத்தைக் கொஞ்சம் கழட்டி வைம்மா. வெயில் பட்டா நிறம் மங்கிரும்."

"எந்த வெயில் சித்தி? பிப்ரவரி மாசம், டிம்மின்ஸ். அதுவும் ஜன்னலே இல்லாத மூலை."

"குழந்தை அதைத் தொடறாளா?"

"எட்டிட்டா விடமாட்டா. கையில கிடைச்சது நேரா வாய்க்குத்தான்."

"நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டேன். நல்லது என்றேன் அக்கா! அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி எடுத்து எண்ணைப் போடக் கை வரவில்லை. கெய்ட்லின் இரண்டு கருவை இழந்தபின் பெற்ற பிள்ளை. அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? எதையாவது சொல்ல இருந்தால், அதாவது.

காந்தத்தை மறந்துவிடாதே.

லோர்னா


டிம்மின்ஸ்
பிப்ரவரி 14

அன்புள்ள லோர்னா,

எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஐவி மட்டும் ஞாயிறு முழுக்க அழுதாள். என்னவென்று தெரியவில்லை. ஒரு கையை வாயில் வைத்துக்கொண்டு அப்படி ஓர் அழுகை. வளையம் எச்சிலாக இருக்கிறது. ரிப்பன் நீளம், எட்டிவிட்டது போல.

வலது காதில் ஒரு குறையும் இல்லை.

நீ சொன்னபடி காந்தம் வைத்தேன். ஒட்டியது.

கிளெண்டா


கெனோரா
பிப்ரவரி 21

கிளெண்டா,

நலம் விசாரிக்க எனக்கு இன்று பொறுமை இல்லை. கடிதம் கையில் வந்த நிமிஷமே எழுதுகிறேன். அதை உடனே கழற்று. இந்த வரியைப் படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கழற்று. பிறகு வந்து மிச்சத்தைப் படி.

கழற்றிவிட்டாயா?

அந்த வளையத்துக்குள் என் ஊசி இருக்கலாம். பிஸ்கட்டின் முகம் புடைப்பாகத் தெரிய உள்ளே பஞ்சு வைத்திருக்கிறேன். அதில் ஊசியைக் குத்திவிட்டு, கவனிக்காமல் ஃபெல்ட்டை மூடி ஒட்டியிருக்கலாம். திங்கள் இருபத்தைந்து, செவ்வாய் இருபத்துநாலு. நடுவில் நான் மூடியது அந்த ஒன்றைத்தான். முதல் நாளே எனக்குத் தெரியும். பசை என்று சொன்னேன், காது என்று சொன்னேன், வெயில் என்று சொன்னேன். ஐந்து வாரம் ஒரு பச்சைக் குழந்தையின் தலைக்கு மேலே அதைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் இங்கே மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

காந்தம் மேல்பக்கம் ஒட்டினால் பயமில்லை, அது வளையத்தை இறுக்கும் திருகாணி. வேறெங்காவது ஒட்டியதா? எங்கே என்று நீ எழுதவில்லை. ஏன் எழுதவில்லை?

அழுதாளே ஞாயிற்றுக்கிழமை, அவள் வாயைத் திறந்து பார். உள்ளங்கையைப் பார். உடம்புக்குள் போன ஊசி ஓரிடத்தில் நிற்காது, நடந்துபோகும் என்று வெய்னின் அம்மா சொல்வார். அதை வெய்ன் நேற்று சாப்பிடும்போது ஞாபகப்படுத்தினார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். "சும்மா சொன்னேம்மா" என்று பின்னாலேயே வந்தார்.

ஒன்று மட்டும். ஃபெல்ட்டைப் பிரிக்காதே. உனக்குப் பழக்கமில்லை, கையில் ஏறிவிடும். பிரிக்காமல் அப்படியே பெட்டியில் போட்டு எனக்கு அனுப்பு. அனுப்ப முடியாவிட்டால் அடுப்பில் போட்டு எரி, வருத்தப்பட மாட்டேன். பிரிக்க மட்டும் வேண்டாம். எட் மாமாவையும் பிரிக்க விடாதே. கேட்கிறதா? பிரிக்காதே.

லோர்னா


கெனோரா
மார்ச் 8

அன்புள்ள அக்கா,

என் கடிதம் வந்திருக்க வேண்டும். ரோண்டாவைக் கேட்டேன். "எட்டு நாள்ல போயிரும், பனி அதிகம்னா ஒம்போது" என்கிறாள். பதினைந்து நாள் ஆகிவிட்டது.

ஒரு வரி போதும். "சுகம்" என்று ஓர் அட்டையில் எழுதிப் போடு. எழுத நேரமில்லையென்றால் வெற்று அட்டையாவது போடு, புரிந்துகொள்கிறேன்.

லோர்னா


கெனோரா
மார்ச் 19

அக்கா,

இன்னும் ஒன்றும் வரவில்லை.

தினமும் பதினொரு மணிக்கு ரோண்டாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுகிறேன். அவள் இப்போதெல்லாம் கேலி பேசுவதில்லை. தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள். ரோண்டாவே கேலி பேசாத அளவுக்கு என் முகம் இருக்கிறதென்றால் பார்த்துக்கொள். கெய்ட்லின் போனை எடுப்பதில்லை. மூன்று நாளாக அடிக்காமலே நின்றுவிடுகிறது. உன் வீட்டுப் போன் அடிக்கிறது, ஆனால் அது உனக்குக் கேட்காது, எட் மாமா காட்டு முகாமில். ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லை என்று யாராவது சொல்லும்வரை அப்படித்தான் நினைப்பேன்.

வேலை செய்து இருபது நாள். கல்யாணத் தேதி ஒன்றும் பூனை இரண்டும் பாதியில் கிடக்கின்றன. பனியில் எது மின்னினாலும் குனிந்து பார்க்கிறேன்.

நேற்று வெய்ன் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கிளம்பு லோர்னா. நேரா போய்ப் பாத்துருவோம்."

"உங்க முதுகு?"

"முதுகு எங்க போனாலும் கூடத்தானே வரப் போகுது. நீ இப்படி உக்காந்திருக்கறதைப் பாக்கறதுக்கு அது தேவல."

சனிக்கிழமை கிளம்புகிறோம். அதற்குள் இந்தக் கடிதம் முந்திக்கொள்ளாது, தெரியும். இருந்தாலும், உன் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டேன் என்பதும் தெரியும். ஐம்பத்திரண்டு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறேனே. அதனால் எழுதிவிடுகிறேன்.

வளையம் உன்னிடம் இன்னும் இருந்தால் கத்தரிக்கோலை எடுத்து ஃபெல்ட்டை வெட்டு. பஞ்சை முழுதும் பிரித்துப் பார்த்து ஊசி உள்ளேதான் இருக்கிறது, குழந்தைக்குள் இல்லை என்று தெரிந்துகொள். உன் கையில் ஏறிவிடும் என்றெல்லாம் நான் எழுதியது பொய். பின்னால் தைத்திருப்பதை நீ படித்துவிடக்கூடாதென்றுதான் பிரிக்க வேண்டாம் என்றேன்.

1976, நவம்பர். ஏரி அப்போதுதான் மெல்லிய பனித்தோல் கட்டியிருந்தது. கோழிக்குத் தீனி போட்டுவிட்டு நீதான் கடைசியாக உள்ளே வந்தாய் என்று எல்லாரும் நினைத்தார்கள், நீயும் நினைத்தாய். நீ வந்தபின் நான் போனேன். பனிச்சறுக்குப் பலகையை வெளியே வைத்துவிட்டேனென்று எடுக்கப் போனேன். குளிராக இருந்தது, ஓடி வந்தேன். வாசல் கதவைத் தாழ் போடவில்லை. பிஸ்கட் ஏரிக்குப் போனது, பனி உடைந்து மூழ்கியது.

சாப்பாட்டு மேஜையில் அப்பா, "கதவை யார் மூடல?" என்று கேட்டார். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன். எனக்குப் பத்து வயது. அந்தக் கிழங்கில் மூன்று கண் இருந்தது, இப்போதும் வரைந்து காட்டுவேன். நீ, "நானா இருக்கும்பா" என்றாய். அப்பா அந்தப் பனிக்காலம் முழுவதும் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

உன் பேத்திக்கு நாய் தை என்று நீ கேட்டதும் கை அங்கேதான் போனது. முன்னால் பிஸ்கட். பின்னால், "கதவைத் திறந்து விட்டது நான். லோர்னா" என்று. யாரும் படிக்காத இடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் பசை தடவி மூடினேன். என் புத்தி அவ்வளவுதான்.

திட்டு. ஆனால் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அப்புறம் திட்டு.

லோர்னா

(இருபத்தேழாம் தேதி. இது இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. தபாலில் போடக் கை வராமல் வைத்திருந்தேன். சனிக்கிழமை கிளம்பி, நெடுஞ்சாலையைப் பனிப்புயலுக்காக மூடிவிட்டதால் வழியில் டிரைடன் ஊரிலிருந்தே திரும்பிவிட்டோம். ரோண்டா வாசலில் நிற்கிறாள். என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.)


டிம்மின்ஸ்
ஏப்ரல் 4

லோர்னா,

ஐவி நலம். கீழே ஒரு பல் வந்திருக்கிறது, அழுகை அதற்கு. கெய்ட்லினின் போனை ஐவிதான் தன் குளியல் தண்ணீரில் தள்ளிவிட்டாள். ஆஸ்பத்திரிப் பக்கம் யாரும் போகவில்லை.

"அன்புள்ள" என்று தொடங்கி மூன்று தாளைக் கிழித்தேன். அதனால் வெறும் பெயர்.

உன் பிப்ரவரிக் கடிதம் மார்ச் முதல் தேதி வந்தது. பிரிக்காதே என்று நான்கு முறை எழுதியிருந்தாய். நான்காவதைப் படிக்கும்போதே கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. பிரித்தேன், படித்தேன். எட் உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டு, "என்ன, ஊசி குத்திருச்சா?" என்று காதருகே கத்தினார். ஆமாம் என்றேன்.

கெய்ட்லினுக்கு ஏழு வயதில் எட் ஒரு குட்டி நாய் கொண்டுவந்தார். நம் கையில் ஓர் உயிரை நம்பிக் கொடுக்க முடியாது என்று சொல்லி அன்று மாலையே திருப்பிக் கொடுக்க வைத்தேன். பிள்ளை ஒரு வாரம் அழுதாள். அந்தக் கோடையில் நீ வந்து அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் தேற்றினாய். அப்போதும் நீ ஒன்றும் சொல்லவில்லை.

உன் மார்ச் எட்டாம் தேதி அட்டைப் பிச்சைக்கு நான் வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. பயப்படட்டும் என்று விட்டேன். ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது, பேசாமலிருந்தே ஒருத்தியைச் சாகடிக்கும் வித்தை எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று யோசித்தேன். பனிக்காலம் முழுக்க மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாரே, அவரிடமிருந்துதான். அன்றே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. நேற்று உன் கடிதம் வந்தது. வராவிட்டால் இதையும் எழுதியிருப்பேனா தெரியாது. பின்பக்கத்தில் நானாகக் கண்டுபிடித்தது வேறு, நீயாக முன்பக்கத்தில் எழுதியது வேறு.

உன் வரிக்குக் கீழே நானும் ஒன்று தைத்திருக்கிறேன். "படித்தேன். கி." எழுத்து கோணல். புள்ளி வைக்க அரை மணி நேரம். ஃபெல்ட்டை ஒட்டி, ரிப்பனைக் குட்டையாக்கி மறுபடி மாட்டியாகிவிட்டது. இப்போது நேராகப் பார்த்துத்தான் குழந்தையைத் தூக்குகிறேன்.

ஞாயிறன்று நானும் எட்டும் ஒரு நாயைப் பார்க்கப் போகிறோம். கிழடு, ஒரு கண் தெரியாதாம். பார்க்கத்தான் போகிறோம். நீ எதுவும் சொல்லாதே.

வெய்னின் முதுகை விசாரித்ததாகச் சொல். சாலை திறந்ததும் இருவரும் வாருங்கள். வந்தால் கத்துவேன்.

தாளின் மூலையில் குத்தியிருப்பது உன் ஊசி. கையில் ஏற்றிக்கொள்ளாதே. அதை வைத்துத்தான் தைத்தேன். அது வளையத்துக்குள் இல்லை, இருக்க முடியாது என்பது உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். ஒன்றிரண்டு கடிதம் விளையாடிவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன், காந்தம் ஒட்டியது என்றது அந்த விளையாட்டு. அதற்குள் பின்பக்கம் குறுக்கே வந்துவிட்டது. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது, நீ சமையலறையில் எங்களுக்கு வழிக்கு வான்கோழி சாண்ட்விச் கட்டிக்கொண்டிருந்தபோது என் கோட்டுப் பொத்தான் அறுந்தது. உன் ஊசிமெத்தையிலிருந்து ஓர் ஊசியை எடுத்துத் தைத்துவிட்டு, கோட்டின் மடிப்பிலேயே குத்தி மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மாலை எண்ணினாய், இருபத்தைந்து இருந்தது என்று எழுதியிருக்கிறாய். நான் எடுத்தது அக்டோபர் ஒன்பதாம் தேதி.

கிளெண்டா